அரை கப் பப்பாளி

கப் என்றால் எந்த கப்? இதைத்தான் அவள் கேட்டாள், வேறு ஒன்றும் கேட்கவில்லை. நார்மல் கப்தான் ஆன்ட்டி என்று சொல்லிவிட்டு ஆஸ்பத்திரியில் சாப்பாட்டு அளவு எழுதிக் கொடுக்கிற அந்தப் பெண் அடுத்த ஆளின் ஃபைலைப் பிரித்துவிட்டாள். நார்மல் கப்பாம். செண்பகவல்லி வீட்டில் இருந்த கப்புகளையெல்லாம் இறக்கி அடுக்களை மேடையில் வரிசையாக வைத்திருந்தாள், இதில் எது நார்மல் என்று யாராவது வந்து சொல்லட்டும். காபி குடிக்கிற பீங்கான் கப் இரண்டு, ஒன்றுக்குக் காது உடைந்தது. ஐஸ்கிரீம் சாப்பிடுகிற கண்ணாடி கப். யாரோ கல்யாணத்தில் கொடுத்த பாயச கப் ஆறில் மிச்சம் நாலு, எவர்சில்வர், நடுவயிற்றில் ஒரு கோடு ஓடும். மாவு எடுக்கிற பிளாஸ்டிக் கப். ரைஸ் குக்கரோடு வந்த கப், அதில் ஏதோ எண் போட்டிருக்கிறது, தேய்ந்து போய்விட்டது. மகன் எட்டாம் வகுப்பில் நீளம் தாண்டுவதில் ஜெயித்து வாங்கி வந்ததும் கப்தான், ஷோகேஸில் நிற்கிறது, அதில் அளந்து கொடுத்திருந்தால் வீட்டுக்காரர் அன்றைக்கே போய்ச் சேர்ந்திருப்பார். சீ, என்ன நினைப்பு இது, ஞாயிற்றுக்கிழமையும் அதுவுமாக. கோபம் வந்த மனசுக்குக் கிழமை ஏது? மூன்று வாரமாக அவளுக்குக் கோபம்தான் சோறு, கோபம்தான் தண்ணீர். கொட்டித் தீர்க்கலாமென்றால் யார் தலையில் கொட்டுவது என்று தெரியவில்லை. அந்தப் பெண் தலையிலா, மதினி தலையிலா, தன் தலையிலேயா? அதைத் தெரிந்துகொள்ளத்தான் நேற்று தராசு வாங்கி வந்தாள்.

தராசு என்றால் தட்டும் முள்ளும் இல்லை, வெள்ளையாக ஒரு பலகை, ஓரத்தில் எண் எரியும். பாத்திரக்கடைக்காரன், கேக் செய்யவாக்கா என்று கேட்டான். ஆமாம் என்றாள். வேறு என்ன சொல்வது? என் வீட்டுக்காரருக்குச் சிறுநீரகம் இரண்டும் போய்விட்டது தம்பி, வாரம் மூன்று தடவை டயாலிசிஸ், பழத்தில் இருக்கிற பொட்டாசியம் அவர் உடம்பை விட்டு வெளியே போகாது, கூடினால் நெஞ்சு நின்றுவிடும், அதனால் எத்தனை கிராம் என்று பார்த்துப் பார்த்துப் போட வேண்டும் என்றா? கேக்தான் தம்பி, கேக்தான். ஃபிரிட்ஜ் கதவில் இரண்டு காகிதம் ஒட்டியிருக்கிறது. இரண்டும் ஒரே ஆஸ்பத்திரி, ஒரே பெண் கொடுத்தது. பழைய காகிதத்தில் பழம் நாள் ஒன்றுக்கு அரை கப் என்று இருக்கிறது. ஆஸ்பத்திரியில் படுத்து எழுந்த பிறகு கொடுத்த புதுக் காகிதத்தில் பழம் நாள் ஒன்றுக்கு அறுபது கிராம் என்று இருக்கிறது. அரை கப்பும் அறுபது கிராமும் ஒன்றா இல்லையா என்று எந்தக் காகிதத்திலும் இல்லை. ஒன்று என்றால் அவள் மேல் தப்பில்லை, வேறு ஏதோ காரணத்தால் அவருக்கு அப்படி ஆயிற்று. ஒன்று இல்லையென்றால், அவள் தினமும் கொடுத்த அரை கப் அறுபதைத் தாண்டியதென்றால், அவரைக் கட்டிலில் கொண்டுபோய்ப் போட்டது அவள் கைதான். பன்னிரண்டு மணிக்கு முன்னால் இது தெரிந்தாக வேண்டும். சங்கரன்கோவில் பஸ்ஸில் மதினி வந்துகொண்டிருக்கிறாள். இப்போது மணி பதினொன்றே கால்.

மதினி என்றால் அவருடைய அக்கா, ஆவுடையம்மாள். போனில் சொன்ன சொல் இன்னும் காதிலேயே நிற்கிறது. நான் ஞாயித்துக்கெழம வாரேன், இனிமே எந்தம்பிக்கு நானே பொங்கிப் போடுதேன், அளவு தெரியாதவ கையில உசுரக் குடுத்துட்டு நான் இங்க நிம்மதியா உக்காந்திருக்க முடியுமா? அளவு தெரியாதவள். முப்பத்திரண்டு வருஷம் இந்த வீட்டில் உலை வைத்தவள் அளவு தெரியாதவள். இரண்டு வருஷமாகக் காயை நறுக்கி வெந்நீரில் ஊறப்போட்டு, அந்தத் தண்ணீரைக் கொட்டி, மறுபடி வேறு தண்ணீரில் வேகவைத்து, அதையும் வடித்து, சக்கையாகப் போன காய்க்கு மிளகைத் தட்டிப்போட்டு ஏதோ ருசி என்று ஒன்றைக் கொண்டு வந்தவள் அளவு தெரியாதவள். ஒரு நாளைக்கு ஒரு லிட்டர் தண்ணீர், அதில் காபியும் மோரும் ரசமும் அடக்கம், பாட்டிலில் பிடித்து வைத்து சாயங்காலம் மிச்சம் பார்ப்பவள் அளவு தெரியாதவள். இதையெல்லாம் மதினி ஒரு நாளாவது பார்த்திருக்கிறாளா? வருவாள், கட்டில் ஓரத்தில் உட்காருவாள், தம்பி கையைத் தடவுவாள், அழுவாள், இரண்டு மணி பஸ்ஸுக்குப் போய்விடுவாள். அழுகிறவளுக்குத்தான் பாசம், அடுப்படியில் நிற்கிறவளுக்கு என்ன பாசம் என்று ஊரும் சொல்லும்.

பப்பாளியை அறுத்தாள். நல்ல பழம், கத்தி இறங்குவதே தெரியவில்லை. வாசனை மூக்கில் ஏறியது. இந்த வாசனைதான் அன்றைக்கும். மூன்று வாரத்துக்கு முந்திய சனிக்கிழமை காலை, பப்பாளி நறுக்கிக் கொடுத்துவிட்டு வாளியில் துணி ஊறப்போட்டுக்கொண்டிருந்தாள். செண்பகம், கால் வர மாட்டேங்குது என்றார். வர மாட்டேன் என்றால் என்ன அர்த்தம் என்று ஈரக் கையோடு வந்து பார்த்தால் நாற்காலியில் உட்கார்ந்தபடி தன் காலையே வேறு யாருடைய காலையோ பார்ப்பது போலப் பார்த்துக்கொண்டிருந்தார். ஆட்டோ, மாடிப்படி, கீழ்வீட்டு டிரைவர் தோள் கொடுத்தது, ஆஸ்பத்திரியில் நெஞ்சில் ஒயரை ஒட்டினார்கள், ஓடின காகிதத்தைப் பார்த்த டாக்டர் முகம் மாறியது. பொட்டாசியம் ஆறு புள்ளி எட்டு. இன்னும் ஒரு மணி நேரம் கழிச்சு வந்திருந்தா நான் ஒண்ணும் பண்ணியிருக்க முடியாதும்மா என்றார். அப்புறம் அந்தக் கேள்வி. என்னம்மா குடுத்தீங்க? என்ன சாப்பிட்டார் என்று கேட்டிருக்கலாம். ஆள் சாப்பிட்டதுதானே, வாய் அவருடையதுதானே? இல்லை, என்னம்மா குடுத்தீங்க. பப்பாளி டாக்டர், நீங்க குடுக்கலாம்னீங்களே, அரை கப்தான். அரை கப்புக்கு இப்படி ஏறாதும்மா என்று அவர் போய்விட்டார். சங்கரன்கோவிலிலிருந்து கார் பிடித்து வந்த மதினி அதைக் கேட்டுக்கொண்டு பக்கத்தில் நின்றாள். அவ்வளவுதான், வராந்தாவில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்கிற மாதிரி, அளவு தெரியாம அள்ளிப் போட்டுருக்கா பாவி என்றாள். கட்டிலில் அவர் கண்ணைத் திறந்து பார்த்தார். பார்த்துவிட்டு மூடிக்கொண்டார்.

துண்டுகளை வழக்கமாக நறுக்குகிற அளவிலேயே நறுக்கினாள். கை அதுபாட்டுக்குப் பழக்கத்தில் போகிறது. அள்ளிப் போட்டாளாம். யார் அள்ளிப் போட்டது? இவர் படுத்த பிறகு வந்தார்களே பார்க்க, வருகிறவர்கள் எல்லாம் வெறுங்கையோடா வந்தார்கள்? சீக்காளியைப் பார்க்கப் போனால் பழம் வாங்கிப் போக வேண்டும் என்று எவன் எழுதி வைத்தானோ. ஆப்பிள், சாத்துக்குடி, சீப்புச் சீப்பாக வாழைப்பழம், அவருடைய பழைய ஆபீஸ்காரர்கள் ஒரு கூடை மாதுளை. பழம் ஏறித்தான் படுத்திருக்கிறார் என்று சொல்லச் சொல்லக் கேட்டுக்கொண்டே பையைத் தலைமாட்டில் வைக்கிறார்கள். ஐயோ அப்படியா, சரி, ஒண்ணே ஒண்ணு சாப்பிடட்டும், தெம்பா இருக்கும். மதினியே கொடுக்காய்ப்புளியும் செவ்வாழையும் கொண்டுவந்தாள், தம்பிக்குச் சின்ன வயசிலேயிருந்து பிடிக்கும் என்று. அதையெல்லாம் நர்ஸுகளுக்கும் கூட்டுகிற அம்மாவுக்கும் பக்கத்துக் கட்டிலுக்கும் விநியோகம் பண்ணியவள் அவள். ஒரு பழம் அவர் வாயில் போகாமல் பார்த்துக்கொண்டவள் அவள். அளவு தெரியாதவள்.

சரி, எந்த கப்? பாயச கப்தான். பழம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்னதிலிருந்து ஐந்து வாரமும் அதில்தான் கொடுத்தாள். ஏன் அதில் என்று கேட்டால் அதில் கோடு இருந்தது, பாதி என்பது கண்ணுக்குத் தெரிந்தது. காபி கப்பில் பாதி எது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? கோடு பார்த்துத்தான் நம்பினாள். கப்பைத் தராசில் வைத்தாள், பட்டனை அமுக்கினாள், சுழி ஆயிற்று. கப்பின் கனத்தை அது மறந்துவிட்டது. நமக்கும் இப்படி ஒரு பட்டன் இருந்தால் நன்றாயிருக்கும். ஒரு துண்டு போட்டாள், பதினாறு. இரண்டாவது, முப்பத்தி ஒன்று. நாலாவது துண்டில் அறுபத்தி இரண்டு என்று எரிந்தது. கப்பைக் குனிந்து பார்த்தாள். கோடு எங்கோ மேலே இருந்தது. அடியில் நாலு துண்டு கிடக்கிறது, அநாதையாக. இல்லை, இதில் ஏதோ தப்பு. பேட்டரி சரியில்லையோ? அரைக்கிலோ சர்க்கரைப் பாக்கெட்டைத் தூக்கி வைத்துப் பார்த்தாள், ஐந்நூற்று நாலு, கவரோடு. தராசில் தப்பில்லை. மறுபடி கப், மறுபடி சுழி. இந்தத் தடவை எண்ணைப் பார்க்காமல், தினமும் எப்படிப் போட்டாளோ அப்படியே கோடு வரைக்கும் போட்டாள். போட்டுவிட்டு ஸ்பூனின் முதுகால் லேசாக அமுக்கினாள், ஏனென்றால் தினமும் அமுக்குவாள். துண்டுக்கும் துண்டுக்கும் நடுவே சந்து இருந்தால் ஏமாற்றிய மாதிரி இருக்கும், புருஷனுக்குக் கொடுக்கிற அரை கப்பில் காற்றையா கொடுப்பது? அமுக்கியதும் பழம் குழைந்து கீழே போனது, மேலே இடம் வந்தது, இன்னும் இரண்டு துண்டு கொண்டது. அப்புறம் கடைசியாக ஒரு துண்டு, கோட்டுக்கு மேலே, அது அளவில் சேராது, அது சும்மா. கப்பை எடுத்துக்கொண்டு போகும்போது அவர் அந்தப் பக்கம் எட்டிப் பார்ப்பார், அந்தப் பார்வைக்காக ஒரு துண்டு. எண்ணைப் பார்த்தாள். நூற்று ஐம்பத்தெட்டு.

நூற்று ஐம்பத்தெட்டு. அறுபதுக்கு நூற்று ஐம்பத்தெட்டு. தராசு அணைந்து போனது, கொஞ்ச நேரம் தொடாவிட்டால் அணைந்துவிடும் போல. ஆப்பிளை நறுக்கி அதே மாதிரி இன்னொரு பாயச கப்பில் அதே கோட்டுக்குப் போட்டுப் பார்த்தாள், தொண்ணூற்றி நாலு. ஆப்பிள் முரடு, அமுக்கினாலும் அமுங்காது, சந்து சந்தாக நிற்கும். ஒரே மாதிரி கப், ஒரே கோடு, ஆப்பிளுக்கு ஒரு எடை, பப்பாளிக்கு ஒரு எடை, அமுக்கினால் ஒரு எடை, அமுக்காவிட்டால் ஒரு எடை. பிறகு என்ன மயிருக்கு அரை கப் என்று எழுதுகிறார்கள்? படித்தவர்கள்தானே, கிராம் என்று முதலிலேயே எழுதினால் மை தீர்ந்துவிடுமா? ஆள் படுத்த பிறகுதான் கிராம் ஞாபகம் வருமா? ஆனால் இந்தக் கோபம் பாதியிலேயே கால் இடறி விழுந்தது. ஆப்பிளாகவே கொடுத்திருந்தால் இவ்வளவு ஏறியிருக்காது. பப்பாளி கேட்டது அவர். ஸ்பூனால் அமுக்கியது யார்? சும்மா ஒரு துண்டு போட்டது யார்? ஐந்து வாரம். ஒரு நாளைக்கு இரண்டரைப் பங்கு. இரண்டு வருஷம் பழமே கூடாது என்று இருந்து, ரிப்போர்ட் கொஞ்சம் தேறியதும் இனிமேல் கொஞ்சம் பழம் கொடுக்கலாம் என்று டாக்டர் சொன்ன அன்றைக்கு அவர் முகத்தில் இருந்த சந்தோஷத்தைப் பார்த்து இவளுக்குக் கண் நிறைந்துவிட்டது. அந்தச் சந்தோஷத்தைத்தான் கோட்டுக்கு மேலே ஒரு துண்டாகப் போட்டாள். பாசத்தில் கொன்றுவிடப் பார்த்திருக்கிறாள். அப்படியானால் மதினி சொன்னது சரி. வராந்தாவில் சொன்னதும் சரி, போனில் சொன்னதும் சரி. வரட்டும், வந்து அடுக்களையை எடுத்துக்கொள்ளட்டும். மதினி, நீங்க சொன்னதுதான் நெசம், நாந்தான் என்று சொல்லிவிடலாம். சொல்லிவிட்டால் விட்டுவிடுவாளா? சொந்தத்தில் ஒரு கல்யாணம் பாக்கி இருக்காது, ஒரு சடங்கு பாக்கி இருக்காது, செண்பகம் தன் வாயாலேயே ஒத்துக்கிட்டாளாமே என்று இலை போடுகிற இடம் வரை வந்து கேட்பார்கள். கேட்கட்டும். கேட்பது பெரிசில்லை. இனிமேல் இந்தக் கையால் ஒரு வாய் சோறு அவருக்குப் போடும்போதெல்லாம் இது கூடிப் போச்சா என்று கை பாதியில் நிற்குமே, அதுதான் பயமாக இருந்தது.

கூடத்தில் பேப்பர் மடிக்கிற சத்தம் கேட்டது. என்னளா, சத்தத்தையே காணும் என்றார் அங்கிருந்தே. ஒண்ணுமில்ல என்றாள். குரல் நன்றாகத்தான் இருக்கிறது இவருக்கு. குரலில் ஒரு குறையுமில்லை. அந்தக் குரலுக்குப் பயந்து தென்காசி பஜாரே கடையை மூடியிருக்கிறது ஒரு காலத்தில். முத்திரை ஆய்வாளர் கோமதிநாயகம் வருகிறார் என்றால் பலசரக்குக் கடைக்காரர்கள் தராசைத் துடைப்பார்கள், படியைக் கவிழ்த்து வைப்பார்கள். முப்பது வருஷம் அந்த வேலை, கடை கடையாகத் தராசையும் படியையும் சோதித்து முத்திரை குத்துவது. ஒரு பைசா கை நீட்டி வாங்கியதில்லை, அதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். அடி நசுங்கின படி, உள்ளே மெழுகு ஒட்டின எடைக்கல், பார்த்த மாத்திரத்தில் சொல்வார். ஒரு தடவை எண்ணெய்க்கடைக்காரன் அளக்கும்போது தெருவில் நின்றபடியே, அந்த அளவுல இருபது மில்லி கம்மி, எடுத்து வை என்றாராம், சோதித்தால் இருபத்தி ரெண்டு. கல்யாணமான புதிதில் இவளுக்கே பாடம் நடத்தினார். படிங்கிறது கொள்ளளவு, கிலோங்கிறது எடை, ரெண்டையும் போட்டுக் குழப்பாத, ஒரு படி உளுந்தும் ஒரு படி பொரியும் ஒரே எடையா இருக்குமாளா? இருக்காது என்று தலையை ஆட்டினாள். பால் காய்ச்சினால் பாத்திரத்தைப் பார்த்துவிட்டு, பால்காரன் ஒரு கரண்டி கொறச்சுட்டான் என்பார். அந்தக் கண் அது. அந்தக் கண்ணால்தான் தினமும் பாயச கப்பை எட்டிப் பார்த்தார்.

இங்கே அவள் நினைப்பு நின்றது. நின்று, திரும்பிப் போய், இன்னொரு தடவை அதே இடத்துக்கு வந்தது. ஈரக் கையைப் புடவையில் துடைத்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து கிளம்புகிற அன்று அந்தக் காகிதப் பெண்ணிடம் சண்டைக்குப் போனாள் அல்லவா, எந்த கப்னு கேட்டப்ப நீ ஒழுங்கா சொன்னியா என்று? அந்தப் பெண் பயந்துபோய், நான் அன்னைக்கே கப்பைக் காட்டினேனே ஆன்ட்டி என்றாள். பொய் சொல்கிறாள், வேலை போய்விடும் என்று பொய் சொல்கிறாள் என்று நினைத்து இன்னும் நாலு வார்த்தை சேர்த்துத் திட்டினாள். காட்டினேனே. யாரிடம் காட்டினாள்? இவள் கண்ணில் ஒரு கப்பும் படவில்லை. நார்மல் கப் என்று சொன்னதும் இவள் எழுந்துவிட்டாள், கீழே மருந்துக் கடையில் ஊசி வாங்க வரிசை பெரிசாக நிற்கிறது என்று. ஊசி வாங்கி, லிஃப்ட் வேலை செய்யாமல் மூன்று மாடி ஏறி வந்தபோது அந்த மேஜைக்கு எதிரே யார் உட்கார்ந்திருந்தது? மேஜை மேல் ஏதோ வெள்ளையாக இருந்ததே, மூடி இல்லாத டப்பா என்றுதானே நினைத்தாள். காட்டினேனே ஆன்ட்டி. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் கண்ணில் தண்ணீர் நின்றது, அதையும் பார்த்துக்கொண்டேதான் திட்டினாள்.

"என்னங்க, இங்க வாங்க."

அவர் வந்தார். ஊசி போட்டுப் போட்டுப் புடைத்துப்போன இடது கையை வலது கையால் தாங்கிக்கொண்டு, லுங்கியை இழுத்துவிட்டுக்கொண்டு வாசற்படியில் நின்றார். மேடை மேல் வரிசையாக நின்ற கப்புகளைப் பார்த்தார். தராசைப் பார்த்தார். அவள் காலி பாயச கப் ஒன்றை வைத்துச் சுழியாக்கி எடுத்துவிட்டு, பப்பாளி கப்பைத் தூக்கி மறுபடி அதன் மேல் வைத்தாள், ஒழுங்காக. எண் எரிந்தது. அவர் எண்ணைப் பார்க்கவே இல்லை, அவளைப் பார்த்தார். எண் என்ன என்று அவருக்கு முன்பே தெரியும்.

"ஆஸ்பத்திரில அந்தப் புள்ள கப்பைக் காட்டுச்சா?"

"எந்தப் புள்ள?"

"நான் ஊசி வாங்கப் போயிருக்கப்ப. உங்ககிட்ட காட்டுச்சா, இல்லையா?"

"காட்டுச்சு."

"எம்புட்டு இருந்துச்சு?"

கோமதிநாயகம் வலது கையின் கட்டை விரலையும் நடு விரலையும் விரித்து, காற்றில் ஒரு சின்ன வட்டம் பிடித்தார். பிடித்ததில் ஒரு நூல் கூடவோ குறையவோ இருந்திருக்காது. "இருநூறு மில்லி. அதுல பாதி. அமுக்கக் கூடாது, தளர்வாப் போடணும்னுச்சு."

"நான் அமுக்கி அமுக்கிப் போட்டப்பல்லாம் பாத்துக்கிட்டுத்தான இருந்தீங்க."

அவர் காது உடைந்த கப்பை எடுத்துத் திருப்பி வைத்தார். "ரெண்டு வருசமா எதுலயும் ஒரு ருசி இல்ல, செண்பகம். தண்ணி குடிச்சா கணக்கு. காலைல அது ஒண்ணுதான் வாய்க்கு நல்லா இருந்துச்சு. ரெண்டு துண்டு கூட இருந்தா என்னன்னு..." என்றார்.

"அத விடுங்க. ஆசை, தின்னுட்டீங்க. வராந்தாவுல உங்க அக்கா என்னப் பாவின்னு சொன்னப்ப ஏன் வாயத் தொறக்கல?"

"மூஞ்சில மாஸ்க் போட்டுருந்தாங்கள்லா."

"அது அன்னைக்கு. அதுக்கப்புறம் இருபத்திரண்டு நாள் ஆச்சு. யாரு போட்டா உங்களுக்கு மாஸ்க்?"

அவர் தரையைப் பார்த்தார். எவனெவன் கள்ளப் படியையோ பிடித்த மனுஷர். தன் வீட்டுக் கள்ள அளவுக்குத் தானே முத்திரை குத்தி, தானே உட்கார்ந்து தின்றிருக்கிறார். செண்பகவல்லிக்கு அழுகை வரவில்லை. அழுகை வந்தால் நன்றாயிருக்கும், ஆனால் கோபம்தான் வந்தது, இத்தனை நாள் போக்கிடம் இல்லாமல் சுற்றிய கோபம் இப்போது விலாசம் தெரிந்து நேராக வந்தது. தன் பங்கு இல்லாமலில்லை, அந்த மேல் துண்டு அவளுடையதுதான், அதை அவள் ஒத்துக்கொள்வாள். ஆனால் அவள் தெரியாமல் செய்தாள். அவர் தெரிந்து செய்தார்.

"நீங்க செத்துப்போயிருந்தீங்கன்னு வைங்க. கப்பு வெவரம் உங்களோட போயிருக்கும். ஆயுசு முச்சூடும் எங்கையாலதான் போனீங்கன்னு நான் நெனச்சிக்கிட்டே கெடந்திருப்பேன். சொல்லாமலே போயிருப்பீங்க, இல்ல?"

"செண்பகம்..."

"சொல்லாமலே போயிருப்பீங்க."

கீழே ஆட்டோ நின்ற சத்தம் கேட்டது. பிறகு படியில் செருப்புச் சத்தமும், ஏ தம்பி, எப்படி இருக்கய்யா என்ற குரலும் ஏறி வந்தன. ஆவுடையம்மாள் ஒரு கையில் பையோடு உள்ளே வந்து, தம்பியின் கன்னத்தைத் தடவி, ரொம்ப வாடிட்டியே என்று சொல்லி, நேராக அடுக்களைக்குள் வந்தாள். மேடையைப் பார்த்தாள். என்ன இது, கப்புக் கடையா என்றாள். செண்பகவல்லி ஒரு தட்டைத் தராசில் வைத்துச் சுழியாக்கி, நாலு துண்டு போட்டாள். அறுபத்தி ஒன்று. ஒரு துண்டில் ஓரத்தை நறுக்கி எடுத்தாள். அறுபது. தட்டை அவர் முன்னால் நீட்டினாள்.

"மொதல்ல உங்க அக்காட்ட சொல்லுங்க. அப்புறம் தின்னுங்க."

அவர் தட்டைக் கையில் வாங்கிக்கொண்டு சொன்னார். ரொம்ப நேரம் எடுக்கவில்லை. கப்பை எனக்குக் காட்டினார்கள், அவள் போட்டது அதிகம் என்று எனக்குத் தெரியும், ஆசையில் சும்மா இருந்துவிட்டேன், அவளுக்கு ஒன்றும் தெரியாது. நாலு வாக்கியம், இருபத்திரண்டு நாள் கழித்து. ஆவுடையம்மாள் பையை இன்னும் கீழே வைக்கவில்லை. நெசமாவா தம்பி என்றாள். நெசந்தான்கா என்றார். அவள் செண்பகவல்லி பக்கம் திரும்பினாள், வாய் ஏதோ சொல்லத் திறந்தது, பாவி என்ற வார்த்தையைத் திருப்பி வாங்கிக்கொள்ளத்தான் போகிறாள் என்று செண்பகவல்லி காத்திருந்தாள். ஆனால் மதினியின் கண் தம்பியின் தட்டில் விழுந்துவிட்டது. அந்த உயர மனுஷனுக்குப் பெரிய தட்டில் நாலே துண்டு, அதிலும் ஒன்று ஓரம் வெட்டியது. பையை வைத்தாள்.

"பாவம்லா, இம்புட்டு ஆசைய வச்சுக்கிட்டு எந்தம்பி... காக்காய்க்கு வைக்கிற மாதிரியா வச்சுக் குடுக்குற? இன்னைக்கு ஒரு நாள், நான் வந்திருக்கேன், ரெண்டே ரெண்டு துண்டு..." என்று சொல்லிக்கொண்டே பாயச கப்பிலிருந்து இரண்டு துண்டை அள்ளிவிட்டாள்.

செண்பகவல்லிக்குச் சிரிப்பு வரும் போல இருந்தது, வந்தது சிரிப்பில்லை. தடுக்கக் கை எழுந்தது, அதைக் கீழே இறக்கிக்கொண்டாள்.

"நான் தடுக்க மாட்டேன் மதினி. அடுக்களைய எடுத்துக்கிடுதேன்னீங்க, எடுத்துக்கோங்க. தராசு இருக்கு, காகிதம் இருக்கு, அளவெல்லாம் சுளுவு. அவரு இப்ப உங்கள ஒரு பார்வை பாப்பாரு. அந்த மூஞ்சியப் பாத்துக்கிட்டே குடுக்காம இருக்கணும். அது ஒண்ணுதான் கஷ்டம். இருந்து காட்டுங்க."

கோமதிநாயகம் அக்காவைப் பார்த்தார். பார்க்கக் கூடாது என்று நினைத்திருப்பார், ஆனாலும் பார்த்தார், முதலில் அவள் முகத்தை, பிறகு அவள் கையை. தட்டை நீட்டவில்லை, இழுத்துக்கொள்ளவும் இல்லை. ஆவுடையம்மாள் இரண்டு துண்டையும் பிடித்தபடி நின்றாள், தட்டில் போடவும் முடியவில்லை, திருப்பி கப்பில் போடவும் முடியவில்லை. பழம் நன்றாகப் பழுத்த பழம், பிடித்த பிடியிலேயே நசுங்கியது, சாறு விரல் சந்தில் இறங்கி மணிக்கட்டைத் தாண்டி முழங்கைக்கு வழிந்தது. கைப்பிடித் துணி செண்பகவல்லியின் தோளில்தான் கிடந்தது. அவள் அதை எடுத்துக் கொடுக்கவில்லை.